வெயில் காலத்துக்கான உடைகளை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: அலமாரி நிறையத் துணி இருக்கு. ஆனாலும் தினமும் காலையில் அதன் முன்னால் நின்று திணறுகிறேன். இந்த வெயில் காலத்துக்கு யோசித்துத் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ள ஆசை. கடுகு மஞ்சள்னா எனக்கு உயிர். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: மஞ்சளிலிருந்தே தொடங்குங்க. துணைக்குக் கருநீலம், வெள்ளை போதும். 5 மேலாடையும் 4 கீழாடையும் ஒன்றோடொன்று பொருந்தினால் 20 விதமா உடுத்தலாம். நான் எல்லாத்தையும் கட்டிலில் பரப்பிப் போட்டோ எடுப்பேன். எது ஒட்டாம தனியா நிக்குதுன்னு அதில் பளிச்சுனு தெரியும்.

பதில் 2: துணியையும் பாருங்க. லினன் வியர்வையை உறிஞ்சிச் சீக்கிரம் உலரும். கம்பளி உடைகளைத் துவைத்து நன்றாக உலர்த்தாமல் எடுத்து வைக்காதீங்க. வியர்வைக் கறை இருந்தால் பூச்சி அரிக்கும்.

கேள்வி கேட்டவர்: பரப்பிப் பார்த்தேன். மஞ்சள் சட்டை மூன்று இருக்கு, அதோடு போட ஒரு பேன்ட்கூட இல்லை! முதலில் கருநீலத்தில் ஒன்று தைக்கக் கொடுக்கிறேன்.