மூத்தவனுக்கு வேர்க்கடலை ஆகாது; சின்னவளுக்கு எதை, எப்போது தொடங்குவது?

இரண்டாவது_ரவுண்டு:

மூத்தவனுக்கு 12 வயது. வேர்க்கடலை அலர்ஜி. அட்ரினலின் ஊசி பையில் இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டோம். இப்போது சின்னவளுக்கு 5 மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டும்தான். கழுத்து நன்றாக நிற்கிறது, முதுகுக்கு முட்டுக் கொடுத்தால் உட்காருகிறாள். நாங்கள் சாப்பிடும்போது கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் போய் வருவதை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

பிரச்சினை தோல்தான். இரண்டு கன்னமும் சொரசொரவென்று சிவந்து கிடக்கிறது. அரிப்புத் தாங்காமல் என் தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து, என் சட்டையில் எப்போதும் ஈரத்திட்டு. முழங்கை மடிப்பிலும் கரப்பான் உண்டு. களிம்பு போட்டால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி கிளம்பும்.

மூத்தவன் பிறந்தபோது முட்டை, மீன், கடலை எதையும் 3 வயதுவரை பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள் என்றார்கள். அப்படியே செய்தோம். இப்போது எல்லாம் தலைகீழ். மாமியார் ஒரு வயது ஆகட்டும் என்கிறார். நாத்தனாரோ 4 மாதத்திலேயே கொடுத்திருக்க வேண்டும் என்கிறாள். தெரிந்தவர் ஒருவர், எல்லா உணவுக்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அப்புறம் இன்னொன்று: எங்கள் வீட்டுக்குள் கடலையே வருவதில்லை. வராத பொருளை இவளுக்கு எதற்கு வலிந்து கொடுக்க வேண்டும்?

தட்டும்_கரண்டியும்:

குழந்தைகள் அலர்ஜி பிரிவில் உணவியலாளராக வேலை பார்க்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது.

கடலை உங்கள் வீட்டுக்கு வராவிட்டாலும் வெளியே எங்கும் இருக்கிறது. தூசியில், தூக்கிக் கொஞ்சுகிறவர்களின் கையில். கரப்பானால் வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், உடம்பு அதைப் பகையாகக் குறித்து வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதே புரதம் வாய் வழியாகக் குடலுக்குப் போனால் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது. பின்பக்கச் சுவர் ஏறி வந்தால் திருடன், முன்வாசலில் வந்தால் விருந்தாளி. லண்டனில் இருக்கும் கிடியன் லேக் என்ற மருத்துவர் 2008-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். ஆகவே முதல் வேலை தோலைச் சரிசெய்வது. களிம்பைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். எப்படிக் குறைத்துக்கொண்டு வருவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அன்று சொன்னது யாரோ கட்டிவிட்ட கதை அல்ல. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு முட்டை 2 வயதுவரை, கடலையும் மீனும் 3 வயதுவரை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2000-இல் சொன்னது. 2008-இல், தள்ளிப்போடுவதால் பலன் இருப்பதற்குச் சான்று இல்லை என்று மாற்றிக்கொண்டது. ஆனால் பழைய அறிவுரை லேசில் சாவதில்லை, ஆண்டுக்கணக்கில் வாய்மொழியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

2015-இல் வெளிவந்த லீப் ஆய்வுதான் நிலைமையை மாற்றியது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகள். ஒரு பாதிக்குக் கடலை கொடுத்தார்கள், மறு பாதிக்கு அறவே இல்லை. தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் கடலைக்கு எதுவும் காட்டாத குழந்தைகளை 5 வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம். அதற்காக மூத்தவனுக்கு வந்தது தவிர்த்ததால்தான் என்று கணக்குப் போடாதீர்கள். சீக்கிரம் சாப்பிட்ட குழந்தைகளிலும் சிலருக்கு வந்தது.

உங்கள் பாப்பா விஷயத்தில் முதலில் தெரிய வேண்டியது, கரப்பான் எவ்வளவு கடுமை என்பது. அதை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடுமை என்றால் கடலைக்கு மட்டும் பரிசோதனை செய்து, முடிவைப் பொறுத்து 4 முதல் 6 மாதத்துக்குள்ளேயே தொடங்கலாம் என்கிறது 2017-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். லேசு அல்லது மிதம் என்றால் 6 மாத வாக்கில் வீட்டிலேயே தொடங்கலாம். எல்லா உணவுக்கும் மொத்தமாக ரத்தப் பரிசோதனை மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதில் 'பாசிட்டிவ்' வந்தாலே அலர்ஜி என்று அர்த்தமில்லை. ஒரு காகிதத்தை நம்பிப் பால், கோதுமை, முட்டை மூன்றையும் நிறுத்திவிட்டு, எடை ஏறாத குழந்தையோடு வருகிற பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் மசித்த காய், பழம், கூழ் என்று சில நாள் விழுங்கப் பழகட்டும். அப்புறம் நன்றாக வெந்த முட்டை, இன்னொரு நாள் கடலை. பச்சை முட்டையும் அரைவேக்காடும் கூடாது. முழுக்கடலை, உடைத்த கடலை இரண்டும் மூச்சுக்குழாயில் அடைக்கும், 5 வயதுவரை மறந்துவிடுங்கள். சர்க்கரை சேர்க்காத பீனட் பட்டரை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கரண்டியிலிருந்து வழியும் பதத்துக்குக் கரைத்துக் கொடுங்கள்.

ஒரு முறை கொடுத்து, ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகி அதோடு விட்டுவிடுவார்கள். அதில் பயனில்லை. லீப் குழந்தைகள் வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதத்தை மூன்று வேளையாகவாவது பிரித்து, 5 வயதுவரை சாப்பிட்டார்கள். ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 டீஸ்பூன் பீனட் பட்டர். அலுப்பான வேலைதான்.

நிதானமே_போதும்:

6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே, பிறகு ஏன் இந்த அவசரம்? 3 மாதத்திலேயே ஆறு உணவுகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு பலிக்கவில்லை என்றும் படித்தேன்.

தட்டும்_கரண்டியும்:

நீங்கள் சொல்வது 2016-இல் வந்த ஈட் ஆய்வு. 1303 குழந்தைகள். உணவு அலர்ஜி சீக்கிரம் தொடங்கியவர்களில் 5.6 சதவீதம், 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் 7.1, அது உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை, உண்மை. சொன்னபடி சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்தால் 2.4-க்கு 7.3 என்று பெரிய இடைவெளி. ஆனால் அந்தக் கணக்கை நான் முழுசாக நம்ப மாட்டேன். ஒத்துக்கொள்ளாத குழந்தைதானே முதலில் சாப்பாட்டை நிறுத்தியிருக்கும்? பாதிப் பேருக்கு மேல் அத்தனை உணவையும் கொடுத்து முடிக்கவும் முடியவில்லை. ஆகவே 3 மாதத்தில் யாரும் தொடங்க வேண்டாம். கரப்பான் இல்லாத குழந்தைக்கு 6 மாதம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. எந்த மாதத்தில் தொடங்கினாலும் தாய்ப்பால் தொடர வேண்டும்.

ராத்திரி_டியூட்டி:

குழந்தைகள் வார்டு நர்ஸ். அவசரப் பிரிவில் நாங்கள் பார்ப்பதை வைத்துக் கொஞ்சம் சொல்கிறேன்.

புது உணவைக் காலையில் கொடுங்கள், தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். காய்ச்சல், சளி, தடுப்பூசி நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். கரண்டி நுனியில் துளி கொடுத்து, 10 நிமிடம் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். 2 மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கன்னத்தில் தடவிப் பார்ப்பதைச் சிலர் சோதனை என்று நினைக்கிறார்கள். புண்ணான தோலில் அதைச் செய்யவே கூடாது.

தக்காளி, ஆரஞ்சு பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பெரும்பாலும் வெறும் எரிச்சல். உடம்பெங்கும் தடிப்பு, உதடு கண் வீக்கம், அடுத்தடுத்து வாந்தி என்றால் அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். விடாத இருமல், மூச்சில் விசில், திடீரென்று துவண்டு போவது: இவை வந்தால் யோசிக்காமல் ஆம்புலன்ஸ். அண்ணனுடைய ஊசி அண்ணனின் எடைக்கானது. பாப்பாவுக்கு என்ன செய்வது என்று தொடங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை அலர்ஜி உண்டு. சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரம் கழித்து ஓயாத வாந்தி, முகம் வெளிறிச் சோர்ந்துவிடும், ஆனால் தடிப்பே இருக்காது. பாலில் மட்டுமல்ல, அரிசி, ஓட்ஸ் போன்ற சாதுவான உணவிலும் வரும். வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். எதைச் சாப்பிட்டாள், எப்போது என்று எழுதி வைத்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது_ரவுண்டு:

மருத்துவரிடம் காட்டிவிட்டோம். மிதமான கரப்பான் என்றார், தோல் பரிசோதனையில் கடலைக்கு ஒன்றும் இல்லை. என் பயத்தைப் பார்த்து, முதல் வேளையை அவர்கள் முன்னால் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு? வாரத்துக்கு மூன்று முறை கடலை, அதே வீட்டில் பெரியவன். அவன் தங்கையை முத்தமிடாமல் வெளியே கிளம்ப மாட்டான்.

தட்டும்_கரண்டியும்:

உங்கள் நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவன் பள்ளிக்குக் கிளம்பிப் போன பிறகு கொடுங்கள். முத்தம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். ஒரே நாற்காலி, ஒரே இடம், தனிக் கரண்டி, தனிக் கிண்ணம், வழிந்தால் தாங்கக் கழுத்தில் ஒரு துணி. முடிந்ததும் அவள் முகம், கை, உங்கள் கை, மேசை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமிக்குத்தான், கடலைப் புரதத்தை அது எடுக்காது. வெறும் தண்ணீரும் போதாது. பீனட் பட்டர் பாட்டிலை அவன் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள். 12 வயதுப் பையன், அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; மறைத்தால்தான் ஆபத்து.

பள்ளி விடுமுறை வரும் மாதங்களுக்கு இப்போதே ஒரு ஏற்பாடு யோசித்து வையுங்கள். தொடர்ச்சி விட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான்.