103பி: ஒரு மீட்டர் உயரப் பலகையில் கால் பின்னால் சாய்கிறது

கேள்வி (பலகைப்பையன்):
பல்கலைக்கழக டைவிங் அணித் தேர்வுக்கு 103பி (முன்பக்க ஒன்றரைக் கரணம், பைக் நிலை: முழங்கால் நேராக, இடுப்பில் மட்டும் மடிப்பு) தயார் செய்கிறேன். நீரில் நுழையும்போது கால் செங்குத்தைத் தாண்டி முதுகுப் பக்கம் விழுகிறது. பைக்கை விட்டு 103சிக்கு (அதே கரணம், முழங்காலையும் மடக்கிச் சுருளும் டக் நிலை) மாறிவிடலாமா?

பதில் (நீர்க்காகம்):
மாற வேண்டாம். டக் இன்னும் வேகமாகச் சுற்றும், கோளாறு கூடத்தான் செய்யும். முதலில் பலகை உங்களை எங்கே வீசுகிறது என்று பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பலகை மேலே தள்ளி முடிப்பதற்குள் மார்பு முன்னால் கவிழ்ந்திருக்கும். உயரம் குறையும், சுழற்சி ஏறும், தூரமும் ஓடும். கை காதோரம் நேராக எட்டிய பிறகே மடியுங்கள்.

ஃபல்க்ரம் (பலகையை நடுவில் தாங்கும் உருளை) நகர்த்தும் சக்கரத்தையும் கவனியுங்கள். பலகை நுனிப் பக்கம் நகர்த்தினால் விறைப்பு, பின்னால் நகர்த்தினால் தளர்வு. தளர்ந்த பலகைக்குக் காத்திருக்கத் தெரியாதவர்கள் அது கீழே போகும்போதே உதைத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வார்கள்.

பதில் (மூன்றுமீட்டர்):
மடித்த உடலை விரிப்பதும் தாமதமாக இருக்கலாம். தண்ணீர் கண்ணில் பட்டதுமே கையை அதை நோக்கி நீட்டுங்கள். உள்ளங்கை தட்டையாக, ஒரு கை இன்னொன்றைப் பற்றியபடி.

மதிப்பெண் கணக்கு: 103பிக்குக் கடின அளவு (மதிப்பெண்ணைப் பெருக்கும் எண்) 1.7, 103சிக்கு 1.6. ஐந்து நடுவர்கள் 6, 6.5, 7, 7, 7.5 கொடுத்தால் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் நீக்கி, மீதியின் கூட்டல் 20.5 × 1.7 = 34.85. சி என்றால் 32.8.

பலகைப்பையன்:
வீடியோ பார்த்தேன். மார்புதான்.