ஐஸ் டிராகன் செதுக்க மைனஸ் ரூம் வேணும், கிருஷ்ணகிரி பக்கம்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்த்தவங்க கொஞ்சம் கை கொடுங்க. ரிசப்ஷன் மேடைக்கு மூணடி உயர ஐஸ் டிராகன் செதுக்கணும். அந்தத் தொடர்ல டிராகனுக்குக் கால் ரெண்டுதான், முன்பக்கம் இறக்கையையே ஊன்றி நிக்கும். தயவுசெஞ்சு நாலு கால் படம் அனுப்பாதீங்க.

சிக்கல் ஐஸ்லதான். ஐஸ் கம்பெனி பார், அதாவது நீளமான ஐஸ் கட்டி, நடுவுல வெள்ளையா இருக்கும். ஓரத்துலேர்ந்து உறையும்போது காத்தும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்படுது. நம்ம போர் தண்ணின்னா கேக்கவே வேணாம். உளி பட்டா அங்கதான் பிளக்கும். அடியிலேர்ந்து மட்டும் உறைய வச்சு, மேல் தண்ணியைச் சின்ன பம்பால ஓட்டிக்கிட்டே இருந்தா கண்ணாடி மாதிரி வரும். அப்படிப்பட்ட பார் ஓசூர், பெங்களூர்ல யார் தர்றாங்க?

இறக்கையைத் தனியா செதுக்கி ஒட்டணும். ஒட்டுற ரெண்டு பக்கத்தையும் லேசா சூடான அலுமினியத் தகட்டுல தேய்ச்சு, சமமாக்கி அழுத்தினா பிடிச்சுக்கும். ஆனா ஐஸ் மைனஸ்லயே இருக்கணும். மாம்பழக் கோல்டு ஸ்டோரேஜ் 12, 13 டிகிரி, உதவாது. ஐஸ்கிரீம் ஸ்டாக் வைக்கிற மாதிரி ரூம் ஒரு ராத்திரிக்கு வாடகைக்குக் கிடைக்குமா?

அங்கேர்ந்து எடுத்த உடனே உளி வைக்கச் சொல்லாதீங்க. மேல பூத்த வெள்ளைப் பனி போய் ஐஸ் தெளியணும், இல்லேன்னா விரிசல் விட்டுடும்.

ரூம் தெரிஞ்சவங்க வாடகையோட கதவு அகலத்தையும் போடுங்க.