நெப்ராஸ்கா மாட்டுப் பண்ணையில் இலையுதிர்காலம்: கன்று பிரிக்கும் மாதத்தில் என்னென்ன வேலைகள் இருக்கும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவப் பட்டம் முடித்துவிட்டு, செப்டம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சேண்ட்ஹில்ஸ் என்னும் மணற்குன்றுப் பகுதியில் உள்ள ஒரு மாட்டுப் பண்ணைக்குப் பயிற்சிக்குச் செல்கிறேன். அங்கே 400 தாய்மாடுகள் இருக்கின்றன. பாலுக்காக அல்ல, இறைச்சிக்குக் கன்று விற்பதற்காக வளர்க்கப்படுபவை. காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடுகளோடு வளர்ந்தவள் என்பதால் மாட்டைக் கண்டு எனக்கு அச்சமில்லை. ஆனால் அக்டோபரில் எல்லாக் கன்றுகளையும் ஒரே நாளில் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று அறிந்ததிலிருந்து மனம் சங்கடப்படுகிறது. ஏன் அப்படிச் செய்கிறார்கள்? அந்த மாதங்களின் அன்றாட வேலைகள் என்னென்ன?

முதல் பதில்

தங்கைக்கு வணக்கம். அதே பகுதியில் மூன்று இலையுதிர்காலங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. சேண்ட்ஹில்ஸ் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மணற்குன்றுகள். புல்வேர்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அங்குள்ள செர்ரி கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது, ஆனால் மக்கள்தொகை 6,000கூட இல்லை. ஆகவே அடுத்த வீடு என்பது பல கிலோமீட்டருக்கு அப்பால் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்று பிரிப்பதன் காரணம் தாயின் உடலில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பிறந்த கன்று அக்டோபரில் 225 முதல் 270 கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. அதற்குத் தானாகப் புல் மேயத் தெரியும். தாயோ அடுத்த கன்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. உறைபனி விழுந்த பிறகு புல்லில் புரதம் குறைந்துவிடுவதால், பால் கொடுத்துக்கொண்டே குளிர்காலத்துக்குள் நுழையும் மாடு தன் கொழுப்பைக் கரைத்துத்தான் கன்றுக்கு ஊட்ட வேண்டியிருக்கும். அங்கே மாட்டின் உடல்வாகை 1 (மிக மெலிந்தது) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பிடுவார்கள். கன்று ஈனும்போது 5 இருக்க வேண்டும் என்பது குறிக்கோள். மைனஸ் 20 டிகிரியில் 4க்கு இறங்கிவிட்ட மாட்டை மறுபடி தேற்றுவது மிகவும் கடினம். இதைக் கண்ணால் பார்த்தபின் என் சங்கடம் பெருமளவு குறைந்தது.

நீங்கள் செல்லும் பண்ணையில் வேலியோரப் பிரிப்பு முறை உண்டா என்று அவசியம் கேளுங்கள். உறுதியான ஒரே வேலியின் இருபுறமும் தாயையும் கன்றையும் விட்டுவிடுவார்கள். பால் குடிக்க முடியாது, ஆனால் பார்க்கலாம், மோந்துகொள்ளலாம். இவ்வாறு பிரித்த கன்றுகள் கத்துவதும் அலைவதும் குறைவு, எடையும் கூடுதலாக ஏறுகிறது என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்படியும் முதல் இரண்டு இரவுகள் தூக்கம் வராது. நூற்றுக்கணக்கான மாடுகள் இடைவிடாமல் கத்தும். அடித்தொண்டையில் தாயின் குரல், கீச்சென்று கன்றின் குரல். மூன்றாம் நாள் காலையில் தாய்மாடுகள் ஒவ்வொன்றாக வேலியை விட்டு விலகி மேயத் தொடங்கும்போது வரும் அமைதியை நான் இன்றும் மறக்கவில்லை.

மாடுகளைக் கூண்டுக்குள் ஓட்டும்போது கத்தாதீர்கள், கம்பு ஓங்காதீர்கள். மாட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் நீங்கள் நகர்ந்தால் அது முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னே போனால் பின்வாங்கும். கால்நடை நடத்தை அறிஞர் டெம்பிள் கிராண்டின் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது இதைத்தான். ஒருமுறை என் மேல்சட்டையைக் கழற்றி வேலிமேல் போட்டிருந்தேன். காற்றில் அதன் கை ஆடியதைப் பார்த்து முன்னால் வந்த மாடு நின்றுவிட, வரிசை முழுவதும் நின்றுபோனது. சட்டையை எடுத்ததும் மறுபடி நடந்தன.

இரண்டாம் பதில்

நான் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். கன்று பிரிக்கும் நாளை ஒட்டித்தான் பெரும்பாலும் சினைப் பரிசோதனையும் நடக்கும். ஜூன் தொடக்கத்தில் காளைகளை விட்டு ஆகஸ்டில் எடுத்துவிடுவதால், அக்டோபர் நடுவில் எல்லாச் சினையும் கைக்குத் தெளிவாகப் புலப்படும். நம் ஊர் டிராவிஸைப் போன்ற, ஆனால் பக்கச்சுவர்கள் நெருங்கி மாட்டை அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கூண்டை அங்கே ஷூட் என்கிறார்கள். ஒரு மாடு அதில் நிற்கும் ஓரிரு நிமிடத்துக்குள் சினை பார்ப்பது, தடுப்பூசி போடுவது, பேன் மருந்தை முதுகில் ஊற்றுவது எல்லாம் முடிந்துவிடும். கிடாரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா நோய்க்கான தடுப்பூசி போட்டால் காதில் பச்சையும் குத்த வேண்டும். அதை அங்கீகாரம் பெற்ற மருத்துவர் மட்டுமே செய்யலாம். விற்பனைக் கன்றுகளை லாரியில் ஏற்றுவதற்கு முன் ஆய்வாளர் வந்து ஒவ்வொன்றும் யாருடையது என்று காட்டும் சூட்டுக்குறியைப் பார்ப்பார்.

வானிலையை அசட்டை செய்யாதீர்கள். 2013 அக்டோபர் தொடக்கத்தில் எங்கள் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் முதலில் மழை, அதன்மேல் பனிப்புயல் என்று வந்தது. குளிர்கால ரோமம் இன்னும் வளராத மாடுகள் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நனைந்து நின்றன, பல்லாயிரக்கணக்கில் இறந்தன.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சினை பிடிக்காத மாடுகளை என்ன செய்வார்கள்? தீவனத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

முதல் பதில் எழுதியவர்

சினை இல்லாத மாடு பெரும்பாலும் அந்த மாதமே ஏலச் சந்தைக்குப் போய்விடும். குளிர்காலம் முழுவதும் தீனி போட்டுக் கன்று தராத மாட்டை வைத்திருக்கும் வசதி பெரும்பாலான குடும்பங்களுக்கு இல்லை. எட்டு ஆண்டுகள் தவறாமல் கன்று ஈன்ற ஒரு மாட்டை ஏற்றிவிட்டபோது, பண்ணைக்கார அம்மா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

தீவனக் கணக்கு எளிது. 550 கிலோ மாடு ஒன்று நாளுக்கு 12 அல்லது 13 கிலோ உலர்புல் தின்னும். 400 மாடுகளுக்கு 5 டன், அதாவது 550 கிலோ உருளைக்கட்டுகள் ஒன்பது. பனி எத்தனை நாள் புல்லை மூடும் என்று எண்ணி, அத்தனை ஒன்பதுகள் அடுக்கில் உள்ளனவா என்று அக்டோபரிலேயே பார்த்துவிடுவார்கள். பனி மூடாத நாள்களில் காய்ந்த புல்லையே மேயவிட்டு, ‘கேக்’ என்று அவர்கள் சொல்லும் புரதக் கட்டிகளை வண்டியிலிருந்து கொட்டுவார்கள். ஹாரன் சத்தம் கேட்டாலே குன்றுக்குப் பின்னாலிருந்து மாடுகள் ஓடிவரும்.

மற்றபடி அன்றாடம் செய்வது வேலி பார்ப்பதும் தண்ணீர் பார்ப்பதும்தான். நவம்பரில் மான் வேட்டை தொடங்கும். வெளியே போகும்போது ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தொட்டி உறைந்தால் கோடரியால் உடைத்து, உடைந்த பனிக்கட்டிகளை முள்வாரியால் வெளியே அள்ளிப் போடுங்கள். தண்ணீரிலேயே விட்டால் அவை மறுபடி ஒட்டி, மறுநாள் கோடரிக்கும் மசியாது. வழியில் திறந்திருக்கும் கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருப்பதை மூடிவிட்டே போங்கள்.