அரியாலையில் புற்றரை நுனியிலிருந்து கருகுகிறது: காரணம் நீரா, மண்ணா?

கேள்வி – அரியாலை, யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். கடல்நீரேரிப் பக்கமாக அமைந்துள்ள எங்கள் வீட்டின் முன்வளவில் சென்ற மாரியில் மலேசியப் புல் பதித்தோம். மாசி வரை அது செழிப்பாகவே இருந்தது. வெயில் ஏறியதும் இலை நுனிகள் பழுப்பாகத் தொடங்கி, இப்போது சோளகம் வீசும் காலத்தில் வெயில் படும் பகுதி முழுவதும் கருகிவிட்டது. நாள்தோறும் மாலையில் கிணற்று மோட்டரைப் போட்டுச் சிறிது நேரம் நீர் தெளிக்கிறோம், யூரியாவும் இட்டோம். புல்லின் அடியில் வெண்ணிறப் படிவு தெரிகிறது. மாமர நிழலில் உள்ள புல் மட்டும் ஓரளவு பச்சையாக இருக்கிறது. மதிலோரப் புல்லில் நுனி கருகவில்லை, ஆனால் இளம் இலைகள் மஞ்சளாக வெளிறுகின்றன. இது பங்கசு நோயா, கறையானா? எந்த மருந்தை அடிக்க வேண்டும்?

பதில் – கோப்பாய்

தயவுசெய்து இப்போது எந்த மருந்தும் வாங்க வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பது நோயைவிட உப்பையே காட்டுகிறது. பங்கசு நோய் பெரும்பாலும் வட்ட வட்டமான திட்டுகளாகப் பரவும்; கறையான் அரித்திருந்தால் மண்பூச்சு தெரியும். உப்போ முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கி ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

ஆயினும் வெண்படிவைப் பார்த்த மாத்திரத்தில் உப்பு என்று முடிவுகட்ட முடியாது. நமது கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் தோண்டப்பட்டவை என்பதால், கேத்தலின் அடியில் படிவதைப் போன்ற சுண்ணாம்பும் மண்ணில் படியக்கூடும். அந்தப் படிவைச் சிறிது சுரண்டி இரு கோப்பைகளில் இட்டு, ஒன்றில் வினாகிரியும் மற்றொன்றில் மழைநீரோ போத்தல் நீரோ விடுங்கள். வினாகிரியில் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. வெறும் நீரில் முழுவதும் கரைந்துவிட்டால் அது உப்பு. கிணற்று நீரின் சுவை மாசியில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. முற்றத்துப் படிவு நீரில் கரைந்துவிட்டது, வினாகிரியில் நுரைக்கவில்லை. மதிலோரத்து மண் நன்றாக நுரைத்தது. அங்கே கிண்டியபோது மதில் கட்டிய காலத்துச் சாந்தும் கற்துண்டுகளும் வெளிப்பட்டன. கிணற்று நீர் மாசியில் குடிக்கக்கூடியதாக இருந்தது, இப்போது தெளிவாகவே சவர்க்கிறது.

பதில் – உரும்பிராய்

எங்கள் செம்பாட்டு மண்ணில் மலேசியப் புல் ஆண்டு முழுவதும் நன்றாகவே நிற்கிறது. உப்பு மண்ணுக்கு ஜிப்சம் இடுவார்கள் என்று அறிந்திருக்கிறேன். அதை முயன்று பார்க்கலாமே.

பதில் – கோப்பாய்

உரும்பிராய்க் கிணற்றையும் அரியாலைக் கிணற்றையும் ஒன்றாகக் கருத முடியாது, தம்பி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இக்குடாநாட்டில், மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. நீரேரிக் கரையில் அந்த நன்னீர்ப் படை மெலிந்தது. கோடையில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர்நீர் மேலேறும். ஜிப்சம் மண்ணிலுள்ள சோடியத்தைப் பெயர்க்க உதவுமே தவிர, பெயர்ந்ததைக் கழுவி இறக்க நன்னீர் வேண்டும். சவர் நீரைத் தொடர்ந்து ஊற்றும் இடத்தில் ஜிப்சம் இட்டுப் பயனில்லை.

மாலைதோறும் சிறிதளவு தெளிப்பதால் நீர் மேல்மண்ணிலேயே நின்று ஆவியாகி, உப்பை விட்டுச் செல்கிறது. நிழலில் ஆவியாதல் குறைவு என்பதாலேயே மாமரத்தடி தப்பியிருக்கிறது. ஆகவே தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். யூரியாவையும் நிறுத்துங்கள், வேர் நீரை உறிஞ்ச இயலாதபோது இலையை வளரத் தூண்டுவது கேட்டையே தரும். அதைவிட முக்கியமாக, யூரியாவிலிருந்து உண்டாகும் மேலதிக நைத்திரேற்று கல்வெடிப்பு வழியே நாம் குடிக்கும் கிணறுகளுக்கே போய்ச் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒரு முற்றத்தின் பச்சைக்காக அயலவரின் குடிநீரைக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

மதிலோரத்துச் சிக்கல் வேறு. சாந்தின் சுண்ணாம்பு, மண்ணிலுள்ள இரும்பைப் புல்லுக்குக் கிடைக்காமல் செய்கிறது. பெரசு சல்பேற்றை, அதாவது அன்னபேதியை, லீற்றருக்கு 5 கிராம் வீதம் கரைத்து அன்றே, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். சீமெந்துத் தரையில் பட்டால் துருக்கறை போகாது. நிரந்தரத் தீர்வு அந்தச் சாந்துக் கழிவை அகற்றுவதுதான்.

கேட்டவர்

அப்படியானால் இந்தப் புல்லை விட்டுவிட்டு வேறு எதை நடலாம் ஐயா?

பதில் – கோப்பாய்

வெயில் படும் பகுதிக்கு அறுகைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். மலேசியப் புல் ஈரமும் சற்றே அமிலத்தன்மையும் உள்ள மண்ணை விரும்புவது. அறுகோ, மண்ணின் உப்பளவைக் காட்டும் மண்சாற்று மின்கடத்துதிறன் மீற்றருக்கு 6.9 டெசிசீமன் ஆகும் வரை வளர்ச்சி குன்றாதது. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகு உங்கள் வேலியோரத்திலேயே இருக்கும்.

ஐப்பசியில் முதல் மழைகள் உப்பைக் கழுவி இறக்கியபின் மண்ணைக் கொத்தி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்கி, உக்கிய மாட்டெருவைக் கலவுங்கள். மூன்று நான்கு கணுக்கள் உள்ள கொடித்துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில், ஒரு முனை வெளியே தெரியப் புதைத்தால் மாரி முடிவதற்குள் மூடிவிடும். வெட்டும்போது உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கோடையில் அது வைக்கோல் நிறமாகி உறங்கும். அதை எழுப்ப நீர் ஊற்றாதீர்கள், அடுத்த மழையில் தானாகவே தளிர்க்கும்.

மாமரத்தடியில் அறுகு வராது. அங்கே இப்போதுள்ள மலேசியப் புல்லை அப்படியே இருக்க விடலாம். பூம்பாத்தி அருகில் இருந்தால் இடையில் செங்கல்லைக் குத்தாக ஆழப் புதைத்து வையுங்கள், ஏனெனில் பாத்திக்குள் ஒருமுறை புகுந்த அறுகை எடுப்பது பெரும்பாடு.