பௌளியில் காந்தாரம் வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் நடுங்குகிறது

தக்கலை மைக் செட்

வணக்கம். எனக்குச் சங்கீதம் தெரியாது, சத்தம் தெரியும். தக்கலையில் 27 வருடமாக மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் என்று குழாய் கட்டாத இடமில்லை. வில்லுப்பாட்டுக் குடத்துக்கு எந்தப் பக்கம் மைக் வைத்தால் அடிவயிற்று ஒலி கிடைக்கும், எந்தப் பக்கம் வைத்தால் ஊளையிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவன் ஐந்து நாளாக ஒரு நடுக்கத்தின் காரணம் பிடிபடாமல் திண்டாடுகிறேன்.

என் மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். ஒன்பது வருடமாக வயலின் கற்கிறாள். மாக்ஸ் ரிக்டர் என்றொருவர், பழைய இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ இசையை எடுத்து, பாதியைக் கலைத்து, மின்னணுவில் ஒலி உண்டாக்கும் சின்தசைசரும் சேர்த்து 2012இல் புதிதாக வெளியிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்: நம் ஊர்க்காரர் பாட்டு ஒன்றை இப்படிச் செய்து பார்க்கவேண்டும். நீலகண்ட சிவனின் ‘சம்போ மகாதேவா சரணம்’ கீர்த்தனையை எடுத்துக்கொண்டாள். அவர் வாழ்ந்த பத்மநாபபுரம் என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

ஏழு நிமிடத் துண்டு. முட்டம் பாறையில் அலை மோதும் சத்தத்தில் தொடங்குகிறது. அதை நான்தான் பதிவு செய்தேன். காற்றுக்கு மைக்கின் மேல் பழைய கம்பளிக் குல்லாயை மாட்டினேன். பிறகு தம்புரா, வயலினில் பௌளி ராக ஆலாபனை, கீர்த்தனை. தாளத்துக்கு மிருதங்கம் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் மழை பெய்யும்போது பால் பிடிக்கும் சிரட்டைகளில் துளி விழுகிற சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி ரூபக தாளத்தில் அடுக்கியிருக்கிறாள். தகப்பன் என்பதால் சொல்லவில்லை, அந்த இடம் நன்றாக இருக்கிறது.

சிக்கல் இரண்டாவது நிமிடத்தில் தொடங்குகிறது. சின்தசைசரின் நீண்ட ஒலி உள்ளே நுழைந்து, வயலின் காந்தாரத்தில், அதாவது ஸரிகமவில் வரும் ‘க’வில், நின்றவுடன் ‘வாவ் வாவ்’ என்று ஒரு நடுக்கம். ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துவிட்டதென்று நினைத்து மாற்றினேன். வயரை மாற்றினேன். எர்த் பார்த்தேன். ஹெட்போனிலும் அதே நடுக்கம். சுருதி காட்டும் கருவியோ சின்தசைசர் மிகச் சரியாக இருக்கிறது என்கிறது.

அவளுடைய வயலின் ஆசிரியர் நாற்பது விநாடி கேட்டுவிட்டு, “இயந்திரத்தைத் தூக்கி எறி” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. நவராத்திரிக்கு நண்பர் வீட்டுக் கொலுவில் இதைப் போடுவதாக ஏற்பாடு. ஒலிக்கோப்பை இணைத்திருக்கிறேன். சுருதி ஐந்து கட்டை. கோளாறு கருவியிலா, ராகத்திலா, அவள் செய்த முறையிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் ஆர்கன்

அண்ணாச்சி, ஸ்பீக்கர் கூம்புக்குச் செலவழித்த பணம் வீண். உங்கள் கருவிகள் எல்லாமே நன்றாக இருக்கின்றன. சொல்லப்போனால் சின்தசைசர் ‘மிகச் சரியாக’ இருப்பதுதான் கோளாறு.

நான் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன், எங்களுக்கு இது பழகிய தொல்லை. மேற்கத்திய கீபோர்டில் ஒரு ஸ்தாயியை, அதாவது ஸவிலிருந்து மேல் ஸ வரை, பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் ஒரே மாதிரி வாசிக்கலாம் என்கிற வசதிக்காகச் செய்த சமரசம் அது. அதற்காக ஒவ்வொரு சுவரமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது. எல்லாவற்றையும்விட அதிகம் விட்டுக்கொடுத்தவற்றில் ஒன்று அந்தர காந்தாரம், பௌளியில் வருகிற உயர்ந்த ‘க’.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஐந்து கட்டை என்றால் ஷட்ஜம் (ஸ) நொடிக்கு 196 அதிர்வு. இயல்பான அந்தர காந்தாரம் அதற்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்கும்: 245. உங்கள் மகளின் விரல் தம்புராவைக் கேட்டுக்கொண்டு அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது, நல்ல காது. சின்தசைசர் தருவதோ 247க்குச் சற்றே குறைவு. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை வீங்கி வடியும். நீங்கள் கேட்ட ‘வாவ் வாவ்’ அதுதான். தம்புராவின் மேல் ஒலிகளோடு மோதும்போது அது நொடிக்கு எட்டாகிவிடுகிறது, அதனால்தான் கிழிந்த கூம்பு மாதிரி கேட்கிறது.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்ததற்குச் சொன்ன காரணங்களில் இந்தச் சம பங்கும் ஒன்று. தடை தளர 1971 ஆயிற்று. நம் காலத்தில் அவ்வளவு காத்திருக்கவேண்டாம், ஆர்மோனியத்தின் நாக்கை ராவித்தான் சுருதி மாற்றவேண்டும், சின்தசைசரில் எண்ணை மாற்றினால் போதும். ஓர் அரைச் சுவர இடைவெளியை நூறு சென்ட் என்று பிரித்திருப்பார்கள். காந்தாரத்தை மட்டும் 14 சென்ட் இறக்கச் சொல்லுங்கள். சுவரத்துக்குச் சுவரம் சுருதி மாற்றும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. இல்லையென்றால் காந்தாரத்தைத் தனித் தடத்தில் பதிந்து அந்தத் தடத்தை மட்டும் இறக்கலாம்.

பழைய சம்பிரதாயம்

பதினான்கு, இருபது என்று எண்ணை மாற்றுவதற்கு இது ரேடியோ ரிப்பேரா? பௌளி விடியற்காலையில் கேட்கிற ராகம். அதற்குக் கடல் சத்தமும் சிரட்டைச் சத்தமும் எதற்கு? ஆசிரியர் சொன்னதைக் கேட்டு நடக்கச் சொல்லுங்கள்.

வடிவீஸ்வரம் பாட்டு டீச்சர்

மேலே எழுதியவருக்கு முதலில் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணின் கையிலிருக்கும் வயலினே கடல் தாண்டி வந்ததுதான். சுவாதித் திருநாள் மகாராஜா தஞ்சாவூர் வடிவேலுவுக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தது 1834இல். அப்போது நம் ஊர்களும் அவருடைய திருவிதாங்கூரில்தான் இருந்தன. இன்றைக்குப் பாட்டு வகுப்புகளில் ஒலிக்கும் மின்னணுத் தம்புரா பெங்களூரில் ஒரு பொறியாளர் 1979இல் உருவாக்கியது. என் வகுப்பிலும் அதுதான் பல வருடம் ஓடியது. ‘இயந்திரத்தைத் தூக்கி எறி’ என்றால் எதிலிருந்து தொடங்குவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒலிக்கோப்பை மூன்று முறை கேட்டேன். ஆர்கன் தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் 14 சென்ட் இறக்குவதோடு தீராது.

பௌளியில் மத்தியமமே (ம) கிடையாது. ஆரோகணத்தில், அதாவது ஏறும்போது, நிஷாதமும் (நி) கிடையாது. இப்படி இடம் விட்டுவிட்டு நடக்கிற ராகத்தில் காந்தாரம் என்பது வீட்டின் திண்ணை மாதிரி, அங்கேதான் எல்லோரும் உட்காருவார்கள். அந்த இடத்தில் வேறொரு கருவியும் அதே சுவரத்தை இழுத்துக்கொண்டிருந்தால், சுருதி சேர்ந்தாலும் நெரிசல் தீராது. சின்தசைசரிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் (ப) போதும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் ஷட்ஜத் தந்தியைத் தனியாக மீட்டிக் காதை வைத்துக் கேட்டால் உள்ளிருந்து அந்தர காந்தாரம் தானே எழும்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். தானாக வருவதற்கு மேல் நாம் ஒன்றை ஒட்டவேண்டுமா?

இன்னொன்று, 3 நிமிடம் 10 விநாடியில் கேளுங்கள். தைவதத்தின் (த) மேல் மூன்று சுவரத்தைச் சேர்த்து ஓர் அடுக்கு கட்டியிருக்கிறாள். மென்பொருள் ஒரு பொத்தானில் கட்டிக்கொடுத்ததாக இருக்கும். அதற்குள் ‘சாதாரண காந்தாரம்’ என்கிற தாழ்ந்த ‘க’ புகுந்துவிட்டது. பௌளியில் அதற்கு வேலையே இல்லை. ஆசிரியர் நாற்பது விநாடியோடு நிறுத்தியதால் அதைக் கேட்டிருக்கமாட்டார்; கேட்டிருந்தால் மடிக்கணினியை அவரே எறிந்திருப்பார்.

ரிஷபத்தையும் (ரி) இயந்திரத்திடம் விடவேண்டாம். பௌளியின் ரிஷபம் மற்ற இடத்துச் சுத்த ரிஷபத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து, ஷட்ஜத்தின் தோளில் சாய்ந்து நிற்கும். எவ்வளவு தாழ்வு என்று எண்ணில் சொல்லவேண்டாம். அது அவளுடைய விரலுக்குத் தெரிகிறது, 1 நிமிடம் 35இல் தெரிகிறது. அந்த ஓரிடத்துக்காகவே இந்தப் பெண்ணை விட்டுவிடக்கூடாது என்று எழுதுகிறேன்.

நீலகண்ட சிவன் 1839இல் பிறந்தது எங்கள் வடிவீஸ்வரத்தில். பத்மநாபபுரத்துக்காரர்கள் முழு உரிமை கொண்டாடவேண்டாம்.

குளச்சல் டு சென்னை

நான் சென்னையில் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்கிறேன், ஊர் குளச்சல். டீச்சர் சொன்னதோடு உடன்பாடுதான், ஆனால் சின்தசைசரை ஷட்ஜ பஞ்சமத்தில் கட்டிப்போட்டால் அது விலை கூடிய சுருதிப்பெட்டி ஆகிவிடும். அந்தப் பெண் அதற்காகவா இவ்வளவு பாடுபட்டாள்?

ரிக்டரைப் பார்த்து அவள் எடுத்துக்கொண்டது அடுக்குச் சுவரத்தை. அது விவால்டிக்குப் பொருந்தும், ஏனென்றால் அந்த இசையே அடுக்குச் சுவரத்தின் மேல் கட்டியது. அவரிடம் எடுத்துக்கொள்ளவேண்டியது வேறு. விவால்டியின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, தனக்குப் பிடித்த சில துணுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி வரவிட்டார். கழிக்கிற துணிச்சல் அது. கீர்த்தனை முழுவதையும் வாசிக்காமல் பல்லவியின் முதல் வரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவள் முயன்று பார்க்கலாம். ரிக்டருடைய இன்னொரு படைப்பு, தூங்கிக்கொண்டே கேட்பதற்காக 2015இல் செய்தது, எட்டரை மணி நேரம் ஓடும். அண்ணாச்சிக்கு அது புதிதில்லை, கொடை வீட்டு வில்லுப்பாட்டும் அவ்வளவு நேரம் ஓடும், ஆனால் தூங்கவிடாது.

ராகத்துக்கும் இயந்திரத்துக்கும் நம் நாட்டிலேயே பழைய உறவு இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் வந்து மூக் சின்தசைசர் ஒன்றை அமைத்துக்கொடுத்தார். அதில் நம்மவர்கள் செய்த பதிவுகள் பெட்டிக்குள் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. மும்பையில் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணு இயந்திரங்களில் வாசித்துப் பதிந்தார். அன்று யாரும் சீந்தவில்லை. மறுபதிப்பு வந்த பிறகு, அமெரிக்காவின் சிகாகோ நகர நடன இசைக்கூடங்களில் பின்னாளில் கேட்ட ஒலி இதில் முன்னாலேயே இருக்கிறதே என்று உலகம் வியந்தது.

உங்கள் மகளுக்குப் பயன்படுவது இதுதான்: சரண்ஜித் சிங் வைத்திருந்த இயந்திரங்களில் ஒன்றுக்கு ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகத் தெரியும். அந்த வழுக்கலை அவர் ராகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். அவளுடைய சின்தசைசரிலும் அது இருக்கும். ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு நிற்காமல் மெதுவாக வழுக்கி ஏறி, வயலின் வந்து உட்காருவதற்கு முன்பே இறங்கிவிடட்டும். திண்ணையில் நெரிசலும் இராது, வந்து போன அடையாளமும் இருக்கும்.

தக்கலை மைக் செட்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், குலசேகரத்தில் ஒரு கல்யாண வீட்டு வேலை.

பதில்களை அச்செடுத்து அவள் மேசையில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இரவு பதினொன்றரைக்கு அறையில் விளக்கு எரிந்தது. விடிந்து பார்த்தால் டீச்சர் எழுதிய ‘தோளில் சாய்ந்து நிற்கும்’ என்ற வரியின் கீழ் பென்சில் கோடு.

முதலில் 14 சென்ட் இறக்கினாள். நடுக்கம் போய்விட்டது. நான் ‘தீர்ந்தது’ என்றேன், அவள் ‘இல்லை அப்பா, இப்போது செத்துக் கிடக்கிறது’ என்றாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு காந்தாரத்தை எடுத்தாள், தைவத அடுக்கையும் எடுத்தாள். மறுநாள் குளச்சல் தம்பி சொன்ன வழுக்கலை ஒரே ஓர் இடத்தில், 2 நிமிடம் 20இல், வைத்தாள். கடல் அலை பின்வாங்குவதும் அது இறங்குவதும் சேர்ந்து வருகின்றன. அதைக் கேட்டபோது சோல்டரிங் அயர்ன் கையிலேயே இருந்தது, மேசைவிரிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது.

ஆசிரியரிடம் மறுபடி எடுத்துப் போவாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்போது வேறொரு தொல்லை. துண்டு ஒன்பது நிமிடமாக நீண்டுவிட்டது, சிரட்டைச் சத்தம் பற்றவில்லை. மழையும் நின்றுவிட்டது. தெரிந்தவர் தோட்டத்திலிருந்து பத்துச் சிரட்டை வாங்கிவந்து கழுவி, கொல்லையில் கம்பியில் கட்டி, பூவாளியால் சொட்டவிட்டுப் பார்த்தோம். ‘டக் டக்’ என்று கட்டையைத் தட்டுகிற மாதிரி வருகிறது. தோட்டத்தில் பதிந்த அந்த ‘தும்’ வரவில்லை. எங்கே தவறு?

மார்த்தாண்டம் ஆர்கன்

கழுவினீர்கள் அல்லவா, அதுதான். எங்கள் வீட்டிலும் ரப்பர் இருக்கிறது. பால்வெட்டு நடக்கிற மரத்துச் சிரட்டையில் அடியில் ஒட்டுப்பால் ஒரு தோல் மாதிரி படிந்திருக்கும். துளி அதன் மேல் விழுந்தால்தான் ‘தும்’. கழுவாத சிரட்டை இருபது எடுத்து வைக்கிறேன், ஞாயிறு ஆராதனை முடிந்து வாருங்கள். நாற்றம் பொறுக்கவேண்டும்.