[கலைச்சொல்] 'ஸ்பேஸ் மேட்னஸ்' தமிழில் என்ன?

பெரம்பூரிலிருந்து:

வணக்கம்.

எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி ஆட்டத்துக்கான தமிழ்க் கையேட்டில் தொலைதூர ஆய்வுப் பயணம் பற்றிய பகுதி ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. ஆடுகிறவர்கள் 'ஸ்பேஸ் மேட்னஸ்' என்று பாதி கிண்டலாகச் சொல்வது. வரைவில் 'விண்வெளிப் பைத்தியம்' என்று போட்டிருக்கிறோம். அது சரிவராது. தமிழில் கிரிக்கெட் பைத்தியம், சினிமாப் பைத்தியம் என்றால் ஆசை முற்றியவர். விண்வெளிப் பைத்தியம் என்றால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டைப் பார்க்கப் பழவேற்காடு வரை பைக்கில் போகிற ஆள்தான் நினைவுக்கு வருவார். நாம் சொல்ல வருவது நேர் எதிர்.

சொல் எதைக் குறிக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் பால்வீதி மெய்யளவில் இருக்கிறது, 40,000 கோடி விண்மீன் அமைப்புகள். சூரியனிலிருந்து நடுவில் உள்ள சாஜிடேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளைக்கு ஏறத்தாழ 25,900 ஒளியாண்டு. ஒரு ஜம்ப்புக்கு (ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே பாய்ச்சல்) 50 ஒளியாண்டு போகும் கப்பல் என்றால் 520 ஜம்ப். ஒவ்வொன்றிலும் அதே வரிசை: மூக்கை இலக்குக்கு நேராக்கு, இயந்திரம் ஏறும் வரை காத்திரு, 5 நொடி எண்ணிக்கை, சுரங்கம் போன்ற காட்சி, திடீரென்று முகத்துக்கு நேரே ஒரு விண்மீன், ஸ்கேனர் பொத்தானை அழுத்திப் பிடி, ஓரமாகச் சுற்றி எரிபொருள் அள்ளு, விலகு, மறுபடி மூக்கை நேராக்கு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு நிமிடம். நிற்காமல் போனாலும் ஏறக்குறைய 9 மணி நேரம். மறுகோடியில் இருக்கும் பீகிள் பாயிண்ட் என்றால் 65,000 ஒளியாண்டு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதில் நூறு, இருநூறு ஜம்ப்புக்குப் பிறகு மனசுக்கு வருகிறதே, அதற்குப் பெயர் வேண்டும்.

என் பரிந்துரை: பயண அலுப்பு.

---

மயிலாப்பூரிலிருந்து:

தம்பி, அலுப்பு உடம்பின் சொல். கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறி விடிகாலை மதுரையில் இறங்குகிறவருக்கு இருப்பது பயண அலுப்பு. குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்தால் தீரும். நாட்டு மருந்துக் கடையில் அலுப்பு மருந்து என்றே தனியாகத் தருவார்கள். நீங்கள் சொல்வது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு வருவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான்.

அதற்கு 'சலிப்பு' என்று கையருகிலேயே சொல் இருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. மாவைச் சலிப்பதும் சலிப்புதான். ஆய்வுப் பயணம் என்பதே விண்மீன்களைச் சல்லடையில் போடும் வேலை. பனிக்கட்டிக் கோள்கள் குவியல் குவியலாக விழ, எப்போதாவது ஒரு நீர்க்கோள் மேலே நிற்கும். சலித்துச் சலித்துச் சலித்துப்போனவர் என்றால் தமிழருக்கு உடனே புரியும்.

முன்னொட்டாக 'நெடுஞ்செலவு' போடலாம். சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்டவன் மனம் மாறி நின்றுவிடுவதைச் 'செலவழுங்கல்' என்றார்கள். ஆகவே: நெடுஞ்செலவுச் சலிப்பு.

---

வேளச்சேரியிலிருந்து:

ஐயா, சொல் அழகு. ஆனால் 'நெடுஞ்செலவுச் சலிப்பு' என்று படிக்கிற பையன், 500 கோடி கிரெடிட் கொடுத்து ஃப்ளீட் கேரியர் என்ற ராட்சதக் கப்பல் வாங்கியவரின் மனவருத்தம் என்றுதான் நினைப்பான். அகராதியைப் புரட்டிப் புரிந்துகொள்ளும் சொல்லை ஆடுகிறவர்கள் வாயில் போட முடியாது.

'தாவற்சலிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். தாவல் ஏற்கெனவே உலாவியின் 'டேப்'புக்குப் போய்விட்டது; நாற்பது பக்கம் திறந்து வைத்து எதையும் படிக்காதவரின் நோய் போல ஒலிக்கிறது. 'பாய்ச்சற்சலிப்பு' நாக்கில் நிற்கவில்லை.

'வழிச்சலிப்பு' எப்படி? மூன்று எழுத்து கூட்டினால் பொருள் வந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் வருவதல்ல, போகும் வழியில் வருவது என்பதும் தெளிவு.

---

தாம்பரத்திலிருந்து:

வழிச்சலிப்புக்கு என் ஓட்டும் உண்டு, பாதிக்கு மட்டும். இங்கே இரண்டு நிலைகள் ஒரே பெயருக்குள் குழம்பிக் கிடக்கின்றன. ஆங்கிலத்திலேயே அந்தக் குழப்பம் உண்டு. அதை அப்படியே தமிழுக்கும் இறக்குமதி செய்ய வேண்டாம்.

முதல் நிலை: போர் அடிக்கிறது, அது ஆளுக்குத் தெரிகிறது. கொட்டாவி விடுவார், போனை எடுப்பார், ஆட்டத்தை மூடுவார். கப்பலுக்கு ஆபத்தில்லை. இது சலிப்பு.

இரண்டாம் நிலை: கை தானாக ஓடுகிறது, மனம் அங்கே இல்லை. இதில் போர் அடிப்பதாகவே தோன்றாது. கடைசிப் பத்து அமைப்புகளில் என்ன நிறத்தில் விண்மீன் இருந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கண் திறந்தபடியே வருவதும் இதுதான். கப்பலை அழிப்பது இந்த இரண்டாவது. எப்படி அழிக்கிறது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்; கையேட்டிலும் இது வேண்டும்.

ஒன்று, வேகக் கைப்பிடி. சுரங்கக் காட்சியிலேயே அதைச் சுழியத்துக்கு இறக்கிவிட வேண்டும். மறந்தால் வெளியே வந்த வேகத்திலேயே விண்மீனைச் சுற்றி நெருங்கக்கூடாத விலக்கு எல்லைக்குள் போய் விழுவோம். கப்பல் உடல் அடிபடும், வெப்பம் ஏறும், இயந்திரம் ஆறும் வரை வெளியேறவும் முடியாது. ஒட்டினாற்போல இரட்டை விண்மீன் இருக்கும் இடத்தில் இது இன்னும் மோசம்.

இரண்டு, எரிபொருள். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகையிலிருந்து மட்டுமே அள்ள முடியும். எல், டி, ஒய் வகைப் பழுப்புக் குறுமீன், டி டாரி, வெண்குறுமீன், நியூட்ரான் எதிலும் ஒரு சொட்டு கிடைக்காது. கை மட்டும் ஓடும்போது அடுத்தடுத்து பழுப்புக் குறுமீனாக வருவதைக் கண் பார்க்கும், மனம் பார்க்காது. டேங்க் வற்றி உயிர்க்காற்று எண்ணிக்கை திரையில் ஓட ஆரம்பித்தால் செய்ய வேண்டியது ஒன்றே: உடனே முதன்மைப் பட்டிக்கு வெளியேறிவிட்டு, அதன்பின் எரிபொருள் கொண்டுவந்து தரும் ஆட்டக்காரர்களான ஃப்யூவல் ராட்ஸ் குழுவைக் கூப்பிடுவது. உள்ளேயே இருந்துகொண்டு உதவி தேடினால் எண்ணிக்கை முடிந்துவிடும்.

மூன்று, அள்ளும்போது விண்மீனை நெருங்கிவிடுவது. வெப்பம் 100 விழுக்காட்டைத் தாண்டினால் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தேயும். 60, 70 வாக்கில் நிற்பது நல்லது.

நான்கு, நியூட்ரான் விண்மீனிலிருந்து பீச்சும் கூம்பு. இதில் தவறினால் நொடியில் முடியும்.

கப்பல் அழிந்தால் விற்காத ஆய்வுத் தரவு மொத்தமும் போச்சு. முதல் கண்டுபிடிப்பு என்று உங்கள் பெயர் பதிய வேண்டிய கோள்களும் அதில் அடக்கம். மூன்று வார உழைப்பு ஒரு கவனக்குறைவில் போவது இப்படித்தான்.

ஆகவே இரண்டாவதற்குத் தனிச்சொல் வேண்டும். கால் மரத்துப்போகிறது, நாக்கு மரத்துப்போகிறது என்கிறோம். மரத்துப்போன உறுப்பு அங்கேயே இருக்கும், உணர்வு இருக்காது. 'வழிமரப்பு' என்று வைக்கலாம்.

---

வேளச்சேரியிலிருந்து:

> ஆகவே இரண்டாவதற்குத் தனிச்சொல் வேண்டும்.

அண்ணா, ஆளுக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதே. சலிப்பு முற்றினால் மரப்பு என்று ஒரே பதிவில் முடிக்கக்கூடாதா? ஒரு பக்கத்தில் இரண்டு புதுச் சொல் என்றால் வாசகர் ஓடிவிடுவார்.

---

தாம்பரத்திலிருந்து:

முடிக்கக்கூடாது. காரணம், ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு நஞ்சு.

சலிப்புக்கு எல்லாரும் சொல்லும் மருந்து என்ன? பக்கத்துத் திரையில் ஒரு தொடரை ஓட விடுவது. சலிப்பு போய்விடும், சந்தேகமில்லை. ஆனால் கண் அங்கே, கை இங்கே. மரப்பை வரவழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. 'இதைச் செய்தால் ஸ்பேஸ் மேட்னஸ் போகும்' என்று கையேட்டில் எழுதினால் படித்தவர் நேரே விண்மீனுக்குள் போவார். இரண்டு சொல் இருந்தால்தான் 'சலிப்பைத் தணிக்கும், மரப்பைக் கூட்டும்' என்று எழுத முடியும்.

நியூட்ரான் வழியைப் பாருங்கள். அந்த விண்மீனின் கூம்பில் நுழைந்து வந்தால் அடுத்த ஜம்ப் மட்டும் நான்கு மடங்கு. 50 ஒளியாண்டு கப்பல் 200 போகும். வழி நேராக அமையாது, எரிபொருளுக்கு ஒதுங்கவும் வேண்டும். ஆனாலும் 520 ஜம்ப் பெரும் அளவில் குறையும். சலிப்புக்கு இது மருந்து. ஒவ்வொரு கூம்பிலும் கவனம் தேவைப்படுவதால் மரப்பும் கொஞ்சம் தள்ளியே நிற்கும். ஆனால் மரப்பு வந்துவிட்ட ஆள் கூம்புக்குள் போனால் தீர்ந்தது. விண்மீனை ஒட்டி நுழையாமல் கூம்பின் வெளிநுனிப் பக்கம் நுழைய வேண்டும். மூக்கு எப்போதும் விண்மீனுக்கு எதிர்த்திசையில். கப்பல் ஆடும், ஆடட்டும். உள்ளேயே சாதாரண வெளிக்கு விழுந்துவிட்டால் கப்பல் சுழன்று உறுப்புகள் நொறுங்கும். வெண்குறுமீன் கூம்பில் கிடைப்பது ஒன்றரை மடங்குதான், ஆபத்து அதைவிட அதிகம். தொடாமல் விடுவதே மேல்.

ஒவ்வொரு கூம்புக்கும் ஜம்ப் இயந்திரம் கொஞ்சம் தேயும். ஏஎஃப்எம்யு என்னும் பழுதுநீக்கி வைத்துச் சரிசெய்யலாம். செய்வதற்கு முன் சூப்பர்குரூஸிலிருந்து (அமைப்புக்குள் அதிவேகமாகப் போகும் நிலை) சாதாரண வெளிக்கு இறங்கிவிடுங்கள், ஏனென்றால் பழுது பார்க்கும் நேரம் இயந்திரம் அணைந்திருக்கும். பழுதுநீக்கி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. இரண்டு பொருத்தினால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கப்பல் உடலுக்கு அது உதவாது, ரிப்பேர் லிம்பெட் என்னும் குட்டி ட்ரோன் வேண்டும்.

---

மயிலாப்பூரிலிருந்து:

ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு நஞ்சு என்றபின் பேச்சில்லை, இரண்டு சொல்லும் இருக்கட்டும். மரப்பு நல்ல தேர்வு. 'மரம்' என்று யாராவது மயங்குவார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன். 'வழி' முன்னால் இருப்பதால் மயங்கமாட்டார்கள்.

மருந்துக்கும் பெயர் வேண்டுமே. நடந்து யாத்திரை போனவர்கள் களைப்புத் தெரியாமல் பாடுவதற்கென்றே வழிநடைச் சிந்து என்று ஒரு பாட்டு வகை நம்மிடம் உண்டு. அதுபோல காதுக்கு மட்டும் வேலை கொடுக்கும் துணைவேலைகளை 'வழித்துணை' எனலாம். பாட்டு, பாட்காஸ்ட், வானொலியில் கிரிக்கெட் வர்ணனை. கண்ணைக் கேட்கும் எதுவும் வழித்துணை ஆகாது என்று வரையறையிலேயே சேர்த்துவிடுங்கள்.

---

பெரம்பூரிலிருந்து:

சேர்த்துவிடுகிறேன் ஐயா. வழியில் நிற்கும் இடமான வே-பாயிண்ட்டுக்கும் சொல் கிடைத்தது. பூந்தமல்லி சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று பஸ் கண்டக்டர் கூவுகிற பெயரெல்லாம் வழிப்போக்கர் தங்கிய இடங்கள்தானே. ஆகவே 'சாவடி'. நெடும்பயணத்தை 1,000 ஒளியாண்டுக்கு ஒரு சாவடியாக உடைத்துக்கொள்வது என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 22,000 ஒளியாண்டில் இருக்கும் கொலோனியா குடியிருப்பு பெரிய சாவடி.

---

அண்ணா நகரிலிருந்து:

தாமதமாக வருகிறேன். சொற்களை ஆட்டத்துக்கு மட்டும் என்று பூட்ட வேண்டாம். மாஸ்கோவில் 2010 முதல் 2011 வரை ஆறு பேரை 520 நாள் மூடிய கலத்தில் வைத்துச் செவ்வாய்ப் பயண ஒத்திகை நடத்தினார்கள். நாள் போகப்போக அசைவு குறைந்து, ஓய்வும் தூக்கமும் கூடியது. அங்கும் வழிச்சலிப்பு என்ற சொல் பொருந்தும். (520 ஜம்ப், 520 நாள், எண் ஒன்றாக வந்தது தற்செயல், யாரும் சோதிடம் பார்க்க வேண்டாம்.)

மரப்புக்கு மருந்து இன்னும் எழுதப்படவில்லை. அது வரிசையை உடைப்பதுதான். நான் சேர்க்கச் சொல்வது:

ஒரே உட்காரலில் 30 ஜம்ப்புக்கு மேல் வேண்டாம். முடிக்கும்போது நடுவெளியில் விட்டுவிடாமல் ஏதாவது கோளில் இறக்கி நிறுத்திவிட்டு வெளியேறலாம். மறுநாள் தொடங்கும்போது கண்முன் ஒரு நிலக்காட்சி இருக்கும். நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம், திரும்பி வரும்போது கப்பல் அதே அமைப்பில் நிற்கும்.

கேலக்ஸி மேப்பில் விண்மீன் வகை வடிகட்டியை வழிக்கும் பொருத்தலாம். இந்தச் சாவடி வரை எஃப் மட்டும், அடுத்தது வரை கே மட்டும் என்று மாற்றினால் வரும் நிறமும் கோள்களும் மாறும். பழுப்புக் குறுமீனும் தானாகவே ஒழியும்.

பத்தாவது ஜம்ப் எதுவானாலும் அங்கே எஃப்எஸ்எஸ் என்னும் அமைப்பு ஸ்கேனரைத் திறந்து முழு அமைப்பையும் பார்ப்பது. மற்ற ஒன்பதிலும் அலைவரிசைப் பட்டையை மட்டும் ஒரு பார்வை. கோடு எழும் இடத்தை வைத்தே பாறையா, வாயுக் கோளா, நீர்க்கோளா என்று தெரிந்துவிடும், ஒவ்வொன்றாகக் குறிவைக்க வேண்டியதில்லை.

ஆட்டத்தின் ஒடிஸி விரிவாக்கம் இருந்தால் உயிரி மாதிரி எடுப்பதே நல்ல இடைவேளை. ஓர் இனத்துக்கு மூன்று மாதிரி, ஒன்றுக்கொன்று குறைந்தபட்ச இடைவெளியில்: பாக்டீரியம் என்றால் 500 மீட்டர், டஸக் என்றால் 200. காலால் நடக்க வேண்டியிருப்பதால் கைப்பழக்கம் முறியும்.

---

பெரம்பூரிலிருந்து:

எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு இப்படி:

வழிச்சலிப்பு: நெடும்பயணத்தில் ஒரே செயல் திரும்பத் திரும்ப வருவதால் உண்டாகும் மனச்சலிப்பு, பயணிக்குத் தெரியும். வழித்துணை தணிக்கும்.

வழிமரப்பு: அதே காரணத்தால் கவனம் அற்றுப்போய்க் கை மட்டும் இயங்கும் நிலை, பயணிக்குத் தெரியாது. வரிசையை உடைத்தால் விலகும். பக்கத்துத் திரை கூட்டும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். அடுத்த சொல் 'ஹாங்க்'. அமைப்புக்குள் வந்ததும் ஸ்கேனரை அழுத்தினால் வரும் அந்தப் பெரிய ஒலி. பழைய மில் சங்கு மாதிரியே இருப்பதால் 'சங்கு ஊதுதல்' என்று நினைத்திருக்கிறேன்.

---

வேளச்சேரியிலிருந்து:

அண்ணா, சென்னையில் ஒருவருக்குச் சங்கு ஊதியாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒவ்வோர் அமைப்பிலும் நுழைந்த உடனே சங்கா? தனி இழையில் பேசுவோம்.